கொன்ட்ரோல் அக்கா

கொன்ட்ரோல் அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசியது இரண்டே தடவைதான். மற்ற நேரமெல்லாம் என் இடுப்பைப் பார்த்துத்தான் பேசினார். முதல் நாள் மைதானத்தில் கைகொடுக்கப் போனபோது, கையை வாங்கிக்கொண்டே கண்ணை என் இடுப்புப் பட்டியில் வைத்திருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காற்சட்டை கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

"பயப்பிடாதை, எல்லாம் சரியா இருக்கு" என்றார் தமிழில். "நீ வலது காலாலதான் வெளிக்கிடுவாய், என்ன?"

ஓம் என்றேன். அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அதன்பிறகு யோசித்ததெல்லாம் அதைத்தான்.

டோர்ட்மண்டில் பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள் என்பதே எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நான் பந்து உதைக்கப் போவதாகவே நினைத்தார்கள். சித்தப்பா என்னைக் கண்டால், "எத்தினை கோல் போட்டனி?" என்று கேட்பார். கோல் இல்லை சித்தப்பா, முட்டை மாதிரி ஒரு பந்து, தலைக்கு ஹெல்மெட், தோளுக்குக் கவசம், எறிவதும் பிடிப்பதும் இடித்து விழுத்துவதும்தான் ஆட்டம் என்று விளக்கிச் சொன்னேன். "அப்ப இடிபடுறதுக்கெண்டே போறாயோ?" என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். பகலெல்லாம் மற்றவர்களின் வாயைப் பார்த்த சலிப்பில் மாலையில் ஓடப் போனேன். நன்றாக ஓடினேன், ஆகவே என்னை ரிசீவராகப் போட்டார்கள். ரிசீவர் நேரே ஓடிச் சட்டென்று ஒரு பக்கம் திரும்பி, எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். அக்கா கார்னர். ரிசீவருக்கு எதிரே நின்று, கூடவே ஓடி, பந்து கைசேராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ரிசீவருக்கு இருக்கிற ஒரே பலம், தான் எங்கே திரும்பப் போகிறேன் என்பது தனக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது என்பதுதான். அந்தப் பலம் அக்காவிடம் செல்லாது.

அவர் முதற்பிரிவில் பல காலம் ஆடியவர். ஜெர்மன் அணிக்காகவும் ஆடியவர். பிறகு ஏனோ அதை விட்டுவிட்டு எங்கள் சின்னக் கிளப்புக்கு வந்திருந்தார். எங்களிடம் கேட்டால், வீட்டுக்குக் கிட்ட என்பதால் வந்தார் என்று சொல்லியிருப்போம். மெலிந்த, உயரம் குறைந்த உடம்பு. ஹெல்மெட்டைக் கழற்றினால் இறுக்கிப் பின்னிய ஒற்றைப் பின்னலும் நெற்றியில் சின்னப் பொட்டும். அந்தப் பொட்டு எவ்வளவு வேர்த்தாலும் அழியாது.

எங்கள் கோச் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக வரும் ரிசீவருக்கு இலக்கம் இல்லாத சாம்பல் நிறச் சட்டை. அக்காவுக்கு எதிராக ஒரு பந்து, ஒரே ஒரு பந்து பிடித்துவிட்டால் அன்றைக்கே இலக்கம் போட்ட சட்டை. பிடிக்கும்வரை மட்ச்சில் கால் வைக்க முடியாது. எனக்கு முந்திய வருடம் வந்த ஒருத்தி கடைசிவரை சாம்பல் சட்டையோடேயே திரிந்துவிட்டு, கைப்பந்து ஆடப் போய்விட்டாள். எனக்கு அந்தச் சட்டை வேண்டும். வீட்டில் நான் மூத்தவளும் இல்லை, கடைசியும் இல்லை. எனக்கென்று புதிதாக வாங்கிய உடுப்பு குறைவு. அந்தச் சட்டைக்காக எதையும் செய்யலாம் என்று நினைத்தேன்.

முதல் தடவை எதிரே நின்றபோது அக்கா என் இடுப்பைப் பார்த்தார். பந்து எழும்ப முன்னமே மெல்லிய குரலில், "வெளியால" என்றார். நான் வெளிப்பக்கம்தான் திரும்ப இருந்தேன். திரும்பினேன். அவர் எனக்கு முதலே அங்கே நின்றார். அடுத்த தடவை "உள்ளுக்கு" என்றார். நடுப்பக்கம் திரும்பினேன். அவருடைய இரண்டு உள்ளங்கையும் என் நெஞ்சுக் கவசத்தில் வந்து மோதின. கதவு அடித்துச் சாத்தினதுபோல இருந்தது. விழுந்து கிடந்த என்னைத் தூக்கிவிட்டார். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. கூட ஆடுகிற ஜெர்மன் பிள்ளைகள், அவர் ஒவ்வொரு முறையும் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருந்தார்கள். எனக்கு மட்டும்தான் அது விளங்கியது. விளங்கியதால்தான் எனக்கு நடுக்கம்.

"எப்பிடியக்கா தெரியுது?"

"முகம் பொய் சொல்லும். கண் பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது."

"என்ர இடுப்பில என்ன தெரியுது?"

"சொல்லமாட்டன். நான் உன்ர வாத்தியார் இல்லை."

உண்மைதான். அவர் ஒருநாளும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. எதிரே நின்றார், அவ்வளவுதான். தெரிந்ததை ஒளித்து வைக்கிற கெட்ட குணம் என்று எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

அவருக்கு இன்னும் சில பழக்கங்கள் இருந்தன. யாராவது தண்ணீர்ப் போத்தலை எறிந்தால் பிடிக்க மாட்டார். அது விழுந்து உருண்டு நிற்கும்வரை பொறுத்திருந்து, பிறகு போய் எடுப்பார். பெரிய ஆட்டக்காரி என்ற நடப்பு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பந்து காற்றில் போகும்போது எல்லோரும் அண்ணாந்து பார்க்க, அவர் ஒருவர் மட்டும் பார்க்கவே மாட்டார். பந்து எங்கே விழும் என்பதை ரிசீவரின் உடம்பிலிருந்தே எடுத்துவிடுவார். அதைப் பார்த்து நான் மலைத்துப்போயிருக்கிறேன்.

எங்கள் ஆட்களிடையே அவருக்குக் கொன்ட்ரோல் அக்கா என்று பெயர் வரக் காரணம் அவருடைய வேலை. எஸ்-பான் ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். சாதாரண உடுப்பில் ஏறி, கதவு சாத்தியதும் அட்டையைக் காட்டுவார். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது போஹும் பக்கம் அவரைக் கண்டேன். பெட்டி நிறையச் சனம். கிட்ட நின்ற ஒருவரிடமும் அவர் டிக்கெட் கேட்கவில்லை. நேரே கடைசி இருக்கைக்குப் போனார். அங்கே ஒருவன் நிதானமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கோட்டு, நல்ல சப்பாத்து. அவன் பொக்கெற்றைத் தடவுவதுபோல நேரம் கடத்தினான். ரயில் நின்றதும் எழும்பிப் பாய்ந்தான். இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கக் கதவுக்குப் போனான். அக்கா அந்தக் கதவடியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவனைத் தொடக்கூட இல்லை. அவன் தானாகவே திரும்பிப் போய் இருந்தான்.

பிறகு என்னிடம் வந்தார். போனில் பாஸைக் காட்டினேன். ஒரு கண்ணைச் சுருக்கி மூடிக்கொண்டு அதைப் பார்த்தார். எல்லோருடைய டிக்கெட்டையும் அப்படித்தான் பார்ப்பார். சந்தேகப் பார்வை என்று எங்கள் ஆட்கள் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்கள்.

"நாளைக்கு ட்ரெய்னிங் வாறியோ?"

"வாறன் அக்கா."

"வரமாட்டாய்" என்றார் என் இடுப்பைப் பார்த்து. "உன்ர கால் இப்பவே வீட்டுப் பக்கம் நிக்குது."

போகாமல் விட இருந்தேன் என்பது உண்மை. வீம்புக்காகவே அடுத்த நாள் போனேன். அன்றைக்கும் பந்து கிடைக்கவில்லை.

இப்படி எல்லாம் தெரிந்த ஒரு மனுசியோடு ஒரு மண்டபத்தில் இருப்பது சுகமான காரியம் இல்லை. ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டில், பூப்புனித விழாவில், நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீடியோக்காரர் மணவறையடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழும்பி, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் ஏனென்று கேட்க வாயைத் திறக்கிறேன், அந்த மனிதர் கால் மடங்கி அந்தக் கதிரையிலேயே விழுந்தார். சீனி குறைந்து மயக்கம். சனம் அவரைச் சுற்றிக் கூடியது. அக்கா வடையைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்தார். அவரை எனக்குப் பிடித்தது அன்றைக்குத்தான். அவருக்குப் பயப்படத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

என்னோடு அந்த வருடம் வந்த இன்னொரு புதியவள் லேனா. என்னைவிட வேகம். கால் நீளம். அக்காவின் கைக்குத் தப்பி ஓடியவள் அவள்தான், பந்துதான் ஒவ்வொரு முறையும் நழுவியது. இன்னும் கொஞ்சத்தில் சட்டை வாங்கிவிடுவாள் என்று நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா கோச்சிடம் போய், லேனாவைக் கொஞ்ச நாளைக்கு ஓட விடவேண்டாம், திரும்பும்போது அவளுடைய முழங்கால் ஒரு கணம் உள்ளே சரிகிறது என்றார். கோச் சிரித்தார். தோற்கப் போகிறோம் என்று பயந்து அக்கா சாட்டுச் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். லேனாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த பயிற்சிக்கு அக்கா வந்தபோது கையில் ஐஸ் பொதி இருந்தது. அதை மைதானக் கோட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு லேனாவுக்கு எதிரே போய் நின்றார். நான் வரிசையில் அடுத்தவளாக நின்றேன். லேனா ஓடினாள், திரும்பினாள், கத்தினாள். அக்கா அவளை விரலால்கூடத் தொடவில்லை. அதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் எல்லோரும் உறைந்து நிற்க, ஐஸ் பொதியை எடுக்கத் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, "அந்தப் பொம்பிளையின்ர கண் சரியில்லை. நீ அவவுக்கு முன்னால நிக்காதை" என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். எலக்ட்ரிக் அடுப்பு. புகை அலாரம் அடித்துக் கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி மேலே வந்துவிட்டாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்த அம்மாதான் தெரியாமல் அக்காவின் பூட்டுக்கு எனக்குத் திறப்பைத் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக்கு முழங்கால் கவசம் புதிதாக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கத் தயாராகிக்கொண்டு சமையலறையில் நின்றேன். அப்பாவிடம் எதையும் கேட்பது எனக்குப் பயம்.

"என்ன கேக்கப்போறாய் அப்பாட்ட?" என்றார் அம்மா திரும்பாமலே.

"ஒண்டுமில்லையே."

"பெருவிரலை மடிச்சுக்கொண்டு நிக்கிறாய். சின்னனிலையும் இப்பிடித்தான். ஊசி போடக் கொண்டுபோனா அழமாட்டாய், பெருவிரலை மற்ற விரலுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போவாய். பயந்து பயந்து ஒண்டைச் செய்யப்போறாயெண்டா அப்பிடி."

என் இடது கையைப் பார்த்தேன். பெருவிரல் உள்ளே கிடந்தது. மைதானத்தில் வெளிப்பக்கம் திரும்புவது பயமில்லை. நடுப்பக்கம் திரும்பினால் அங்கே கனத்த ஆட்கள் இடிக்கக் காத்திருப்பார்கள். உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் நான் பயந்தேன். பயந்தபோதெல்லாம் விரல் மடங்கியது. விரல் மடங்கினால் முழங்கை இறுகும், தோள் இறங்கும், இடுப்பு அரைவாசி திரும்பிவிடும். அக்கா அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் விறைக்கிறது. ஒரு பழக்கத்தை விடுவது என்றால் விரலை நீட்டி வைத்தால் போதும் என்று நினைப்பீர்கள். போதாது. ஒன்றை மறைத்தால் இன்னொன்று வந்தது. விரலை அடக்கினேன், மூச்சு நின்றது. மூச்சைச் சீராக்கினேன், கண் அந்தப் பக்கம் ஓடியது. அக்கா ஒவ்வொன்றையும் பிடித்தார். "உள்ளுக்கு." "உள்ளுக்கு." "வெளியால." விடிந்தால் பொழுதுபட்டால் என் உடம்பை நானே காவல் காத்தேன். பல்வைத்தியரின் அறையில், பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில் எல்லாம் பழகினேன். பசித்தால் பசித்ததாகக் காட்டக் கூடாது. எழும்ப நினைத்தால் எழும்பப் போவதாகத் தெரியக் கூடாது. பயந்தால் பயம் உள்ளேயே கிடக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் குரல் தயங்கத் தொடங்கியது. எனக்கு அது தேனாக இனித்தது.

அம்மாவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. ஒருநாள் சோறு போடும்போது கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காணுமோ, இன்னும் போடட்டோ?"

"போடுங்கோ."

"முந்தி உன்னைக் கேக்கத் தேவையில்லை. முகத்தைப் பாத்துப் போடுவன். இப்ப உன்னைப் பாத்தா ஒண்டும் விளங்குதில்லை பிள்ளை. ஆரோ வாடகைக்கு வந்து இருக்கிற மாதிரி இருக்கு."

எனக்குச் சட்டைதான் பெரிதாக இருந்தது. இன்னும் போடுங்கோ என்று தட்டை நீட்டினேன்.

பருவத்தின் முதல் மட்ச்சுக்கு முந்திய கடைசிப் பயிற்சி. மழை விட்டுப் புல் நனைந்திருந்தது. அக்கா எதிரே வந்து நின்று என் இடுப்பைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஓடினேன். உள்ளே திரும்பினேன். அவர் ஓரடி பிந்திவிட்டார்.

ஓரடி பிந்திய கார்னர் செய்யக்கூடியது ஒன்றுதான், தலையைத் திருப்பிப் பந்தைப் பார்ப்பது. அக்கா திரும்பினார். அண்ணாந்தார். அழகாக எழும்பினார், இரண்டு கையும் சரியான நேரத்தில் மூடின. ஆனால் பந்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் மூடின. பந்து என் நெஞ்சில் வந்து விழுந்தது. கட்டிப் பிடித்தேன். எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர் தவறவிட்டதாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு வேறொன்று தெரிந்தது. அவர் தடுமாறவில்லை. இல்லாத ஒரு பந்தை, அங்கே இருக்கிறது என்ற முழு நம்பிக்கையோடு பிடித்தார்.

தண்ணீர்ப் போத்தல் நினைவுக்கு வந்தது. மூடிய ஒற்றைக் கண் நினைவுக்கு வந்தது. பந்தை ஒருநாளும் பார்க்காத அந்தப் பெரிய வித்தை நினைவுக்கு வந்தது.

கிளப் வீட்டுக்குள் கோச் எனக்குச் சட்டை தேடிக்கொண்டிருந்தார். அக்கா வாசற்படியில் வழி மறித்து நின்றார். ஹெல்மெட் கையில்.

"கண்டனி, என்ன?"

"கண்டனான். எத்தினை பந்து தெரியுது அக்கா?"

"ரெண்டு. நல்ல நாளில கிட்டக்கிட்ட இருக்கும்."

"எப்ப இருந்து?"

"அங்க முதற்பிரிவில ஆடேக்க, தலையில ரெண்டாந்தரம் அடிபட்டதில இருந்து."

"டாக்டரிட்டப் போகேல்லையோ?"

"விளையாடாதை எண்டு சொல்லுவினம். அதைக் கேக்கிறதுக்கு ஏன் டாக்டரிட்டப் போகோணும்?"

"இன்னொருக்கா அடிபட்டா?"

என் இடுப்பைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ஒரு கண் சுருங்கியிருந்தது.

"என்ன செய்யப்போறாய் நீ?" என்றார். "ஆரைப் பாத்தாலும் எனக்குத் தெரியும். உன்னட்டத்தான் ஒண்டும் தெரியேல்லை."

நான் பயந்துபோய் நின்றேன். ஆனால் என் பெருவிரல் மடங்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே போனேன். சட்டையை வாங்க முன்னம் கோச்சிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். வைத்தியரின் கடிதம் இல்லாமல் ஆட விட முடியாது என்று கோச் முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என் இடுப்பைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பருவம் நான் நன்றாக ஆடினேன். பணிவு எனக்கு வராது, மிக நன்றாக ஆடினேன். முதல் மட்ச்சில் எதிரே நின்ற பிள்ளை என் முகத்தை உற்றுப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் பாவம் வந்தது. அக்காவுக்கு முன்னால் நின்று வந்தவளுக்கு மற்றவர்கள் எல்லாம் அரைத் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தார்கள். என்னை அப்படி ஆக்கியது அவர்தான் என்று தெரியும். அந்த நினைப்பில் நன்றியும் இருந்தது, ஒரு அருவருப்பும் இருந்தது.

பிறகு செய்தி வந்தது. அக்கா வேறு நகரத்துக் கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டார். கோச் அங்கே போன் பண்ணி எல்லாம் சொன்னார். நல்ல ஆட்டக்காரியை இழந்த எரிச்சலில் கதை கட்டுகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கிளப்போடு எங்களுக்கு மட்ச் வந்தது.

அன்றைக்குத்தான் அம்மா முதன்முதலாக மட்ச் பார்க்க வந்தார். ஒரு பெட்டி ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலுமாகக் கோட்டோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிரே நீலச் சட்டையில் அக்கா வந்து நின்றார். பொட்டு அப்படியே இருந்தது. பார்வை வழக்கமான இடத்துக்குப் போனது, பிறகு புல்லுக்கு இறங்கியது.

"இண்டைக்கு நீ காட்டுறது ஒண்டையும் நம்பமாட்டன்" என்றார். சிரித்ததுபோலவும் இருந்தது.

முதற்பாதி முழுக்க அவர் என்னை வாசிக்கவே இல்லை. ஊகித்தார். சில தடவை சரி, சில தடவை பிழை. பிழைத்தபோதெல்லாம் தலையைத் திருப்பிப் பந்தைத் தேடினார். பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் பக்கத்தில் ஒரு திட்டம் சொன்னார்கள். நான் உள்ளே திரும்பி ஓட வேண்டும். அந்த நேரம் பந்தோடு ஒருத்தி வெளிப்பக்கத்தால் வருவாள். அவளுக்கு வழி திறக்க எங்கள் அணியின் மிகக் கனத்த பெண் முன்னால் வந்து, அந்தப் பக்கம் நிற்பவரை இடித்து அகற்றுவாள். சட்டத்துக்கு உட்பட்ட இடிதான், ஒருவரிலும் பிழை சொல்ல முடியாது. அக்கா என்னோடு உள்ளே வந்தால் தப்பினார். வெளியே நின்றால் அந்த இடி அவருக்கு.

அணி, கோச், சட்டை எதுவும் அந்த நேரம் எனக்கு இல்லை. எத்தனையோ மாதம் நீட்டிப் பழகிய பெருவிரலை, அவர் பார்க்கும்படி, செம்மஞ்சள் கையுறைக்குள் மடித்தேன். அது பொய்யாக மடித்த விரல் இல்லை, நான் உண்மையாகவே பயந்துபோய்த்தான் நின்றேன். அதுவும் போதாது என்று வாயாலும் சொன்னேன்.

"அக்கா, நான் உள்ளுக்குத்தான் போறன். நீங்களும் உள்ளுக்கு வாங்கோ. வெளியால நிக்காதையுங்கோ."

அவர் விரலைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் பல் தெரிந்தது.

"நல்லாப் பழகியிட்டாய்" என்றார்.

பந்து எழும்பியது. நான் உள்ளே திரும்பினேன். அவர் வெளியே போனார். தோளுக்கு மேலால் பார்த்தேன். கனத்தவள் வந்துகொண்டிருந்தாள். அக்கா அவளைக் கண்டார், விலகவும் செய்தார். அவருக்கு இரண்டு பேர் வருவதாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாதவளிடமிருந்து விலகி, இருந்தவளுக்கு நேரே போனார். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்தது. நான் ஹெல்மெட்டோடு புல்லில் இருந்தேன். அம்மா கோட்டைத் தாண்டி வந்து என் இடது கையைப் பிடித்து, மடங்கிக் கிடந்த பெருவிரலை மெல்ல வெளியே எடுத்தார்.

"நீ பயந்துதான் நிண்டனி. எனக்கு அங்க இருந்தே தெரிஞ்சது" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டபோது மத்தியானம். வெளிச்சம் ஆகாது என்று திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தார்கள். கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்த அக்காவின் நெற்றியில் பொட்டு இல்லை. தலையைத் திருப்ப ஏலாமல் கிடந்தார். நான் கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்து நின்றேன். அவருக்குத் தெரியக்கூடியது என் முகம் மட்டும்தான்.

"அண்டைக்கு நீ சொன்னது உண்மையோ?" என்றார். சொல் ஒவ்வொன்றாக வந்தது.

"உண்மை அக்கா. அம்மாவாணை உண்மை."

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார். எஸ்-பானில் டிக்கெட்டைப் பார்க்கிற அதே கவனத்தோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியேல்லை" என்றார்.